வெறும் தலைப்பை மறைத்தல்: ஒரு மீன் வரத்துப் பக்கம் கற்றுத்தந்தவை

கீழக்கரையில் மீன் வாங்கி விற்கும் வியாபாரி ஒருவருக்காக இணையப் பக்கம் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். தொண்டியில் தொடங்கி மூக்கையூர் வரை, எந்த இறங்குதளத்தில் இன்று என்ன மீன் வந்திருக்கிறது, கிலோ என்ன விலைக்கு ஏலம் போனது என்று சொல்லும் பக்கம் அது. ஒவ்வோர் இறங்குதளத்துக்கும் ஒரு தலைப்பு, அதன் கீழே மீன் வரிசைகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தேடல் பெட்டி. ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் உணவகம் நடத்துபவர்கள் காலையில் கைபேசியில் திறந்து ‘நண்டு’ என்றோ ‘கணவாய்’ என்றோ தட்டிப் பார்ப்பார்கள்.

நண்டு என்று தட்டினால் மற்ற மீன்களின் வரிசைகள் மறைய வேண்டும். நண்டே வராத இறங்குதளங்களின் தலைப்புகளும் சேர்ந்து மறைய வேண்டும். முதல் பாதி எளிது. இரண்டாவது பாதிதான் இந்தக் கட்டுரை முழுவதும். “ஒன்றுமே இல்லாத ஊர்ப் பெயர்களை எல்லாம் தள்ளித் தள்ளித்தான் நண்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது தம்பி” என்று அந்த வியாபாரி (நான் ‘காக்கா’, அதாவது அண்ணன், என்று அழைப்பவர்) முன்பு ஒருமுறை வருத்தப்பட்டாராம். எனக்கு முன் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதற்காக ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரி எங்கெல்லாம் உடைந்தது என்பதைத் தேடிப் போனதில்தான், ‘தெரியும் சேய் உள்ள தாய் உறுப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது’ என்ற கேள்வியின் ஆழம் எனக்குப் பிடிபட்டது. இங்கே இறங்குதளப் பகுதி தாய், அதற்குள் இருக்கும் மீன் வரிசை சேய்.

அந்த வரி ஜேக்குவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகத்தில் எழுதப்பட்டது. தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்: .துறை:நாட்(:ஹேஸ்(.மீன்:விசிபிள்)). கணினியில் தட்டும்போது நாட், ஹேஸ், விசிபிள் போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். ‘துறை’ என்பது ஓர் இறங்குதளத்தின் முழுப் பகுதி. ‘மீன்’ என்பது அதற்குள் இருக்கும் ஒரு வரிசை. கண்ணுக்குத் தெரியும் மீன் எதுவும் தன்னுள் இல்லாத துறை எதுவோ அதைத் தேர்ந்தெடு, பிறகு மறைத்துவிடு என்பது பொருள். படிக்கும்போது குறையே தெரியாது. முதல் தேடலுக்குச் சரியாகவும் வேலை செய்யும்.

இரண்டாவது தேடலில் சிக்கல். நண்டு என்று தேடிவிட்டு, பெட்டியை அழித்து, கணவாய் என்று தட்டினால், நண்டுத் தேடலில் மறைந்த இறங்குதளங்கள் திரும்பி வரவில்லை. பெட்டியைக் காலியாக்கினாலும் வரவில்லை. பக்கத்தைப் புதிதாகத் திறந்தால்தான் வந்தன. வாலிநோக்கத்தில் கணவாய் குவிந்து கிடந்த காலையில் பக்கத்தில் வாலிநோக்கமே இல்லை.

காரணம், ஜேக்குவரியின் ‘விசிபிள்’ எதைப் பார்த்து முடிவு செய்கிறது என்பதில் இருக்கிறது. அந்த உறுப்புக்குத் திரையில் ஏதாவது இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. தாய் உறுப்புக்கு ‘டிஸ்ப்ளே நன்’ (திரையில் காட்டாதே) என்று கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் எந்தச் சேய்க்கும் இடம் கிடையாது. கணவாய் வரிசையை ‘காட்டு’ என்று நிரல் சொல்லிவிட்டது. ஆனால் வாலிநோக்கம் என்ற தாய் ஏற்கெனவே மறைந்திருப்பதால் அந்த வரிசைக்கு இடமில்லை. இடமில்லாததால் அது ‘தெரியாதது’. தெரியும் சேய் இல்லாததால் தாய் மறைந்தே இருக்கும். ஒருமுறை மறைந்த தாய் இந்த விதியின் கீழ் ஒருபோதும் திரும்பாது. சேயின் நிலையைக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தாயின் நிலையையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உடனடித் தீர்வு ஒன்று உண்டு. ஒவ்வொரு தேடலின் தொடக்கத்திலும் எல்லாத் துறைகளையும் முதலில் காட்டிவிட்டு, பிறகு மீன்களை வடிகட்டி, அதற்கும் பிறகு தெரியும் மீன் இல்லாத துறைகளை மறைக்க வேண்டும். இந்த மூன்று படிகளின் வரிசை மாறக் கூடாது. பழைய நிரலைத் தொட முடியாத நிலையில் இருப்பவர்கள் இதைச் செய்தாலே போதும்.

எங்கள் பக்கத்தில் அதுவும் போதவில்லை, ஏனென்றால் வடகடல், தென்கடல் என்று இரண்டு தாவல்கள் இருக்கின்றன. பாக் நீரிணைப் பக்கத்து ஊர்களான ராமேஸ்வரம், தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி ஒரு தாவலில். மன்னார் வளைகுடாப் பக்கத்து ஊர்களான கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் இன்னொன்றில். பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் இரண்டு பக்கமும் கடல் என்பதால் இரண்டிலும் அவற்றுக்கு இடம் உண்டு. வடகடல் தாவல் திறந்திருக்கும்போது தேடினால், மூடியிருக்கும் தென்கடல் தாவலின் மீன் ஒன்றுக்குக்கூடத் திரையில் இடம் இருக்காது. எனவே தென்கடல் துறைகள் அத்தனையும் மறைக்கப்பட்டுவிடும். பிறகு தென்கடல் தாவலைத் தொட்டால் வெறுமை. தாவல், மடித்து விரிக்கும் பகுதி, மேலெழும் பெட்டி என்று எங்கெல்லாம் ஒரு பகுதி முழுவதுமாக மூடியிருக்கிறதோ அங்கெல்லாம் இதே கதைதான்.

எதிர்த்திசையிலும் ‘விசிபிள்’ ஏமாற்றும். ‘விசிபிலிட்டி ஹிடன்’ கொடுத்த உறுப்பும், ‘ஒபாசிட்டி’ (ஒளிபுகாமை) சுழியம் கொடுத்த உறுப்பும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஜேக்குவரி அவற்றைத் தெரிபவை என்றே கணக்கிடும். வரிசைகள் மெல்ல மங்கி மறைய வேண்டும் என்று ஒபாசிட்டியை வைத்து யாராவது அழகு செய்திருந்தால், மங்கி முடிந்த வரிசைகளும் ‘தெரியும்’ வரிசைகளாக எண்ணப்படும், தலைப்பு போகாது.

2022இல் நடந்தது இவை எல்லாவற்றையும்விடக் குழப்பமானது. ஒருநாள் சிலருடைய கைபேசியில் தேடியவுடன் பக்கம் முழுவதும் காலியாகிப் போனது. என் கணினியில் ஃபயர்ஃபாக்ஸில் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. காலியானவர்கள் எல்லோரும் குரோமைப் புதுப்பித்திருந்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் சஃபாரி 15.4, ஆகஸ்டில் குரோம் 105 ஆகியவை ‘ஹேஸ்’ என்ற செலக்டரை (உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் குறிப்பை) தாமாகவே புரிந்துகொள்ளத் தொடங்கியிருந்தன. அதுவரை, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ஹேஸ் எந்த உலாவியிலும் இல்லை. ஜேக்குவரி மட்டுமே அதைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஜேக்குவரி எந்தச் செலக்டரையும் முதலில் உலாவியிடமே கொடுத்துப் பார்க்கும். உலாவி ‘புரியவில்லை’ என்று பிழை எழுப்பினால்தான் தன் சொந்த முறைக்குத் திரும்பும். புதிய குரோமுக்கு ஹேஸ் புரிந்தது, அதற்குள் இருந்த விசிபிள் புரியவில்லை. அப்போதைய விதிப்படி ஹேஸுக்குள் புரியாதது வந்தால் பிழை எழுப்பாமல் அதை விட்டுவிட வேண்டும். விளைவாக, உள்ளே ஒன்றுமில்லாத ஹேஸ் எந்தத் துறையோடும் பொருந்தவில்லை. அதற்கு வெளியே ‘நாட்’ இருந்ததால் எல்லாத் துறைகளும் பொருந்தின. எல்லாம் மறைக்கப்பட்டன.

இது எங்கள் பக்கத்துக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. அந்த டிசம்பரில் ஜேக்குவரி 3.6.2 இதைச் சமாளிக்கும் திருத்தத்தோடு வந்தது. சிஎஸ்எஸ் விதிகளை வகுக்கும் குழுவும், ஹேஸுக்குள் புரியாதது வந்தால் முழுச் செலக்டரும் செல்லாது என்று விதியை மாற்றியது. பழைய ஜேக்குவரியோடு ஹேஸ், விசிபிள் இரண்டையும் சேர்த்து எழுதிய பக்கம் யாரிடமாவது இருந்தால், முதலில் ஜேக்குவரியின் பதிப்பெண்ணைப் பாருங்கள்.

நான் பதிப்பை உயர்த்தியதோடு நிற்கவில்லை. ஏன் சிஎஸ்எஸ்ஸில் விசிபிள் என்ற செலக்டரே இல்லை என்று யோசித்தபோது வழி தெளிவானது. செலக்டர் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் தோற்றம் தீர்மானமாகிறது. தோற்றத்தைப் பார்த்துச் செலக்டர் பொருந்த வேண்டும் என்றால் இரண்டும் ஒன்றையொன்று துரத்தும். ‘தெரிகிற மீனை மறை’ என்று ஒரு விதி எழுத முடிந்தால் என்ன ஆகும்? மறைத்தவுடன் அது தெரியாத மீன், விதி அதற்குப் பொருந்தாது, எனவே மீண்டும் தெரியும், மீண்டும் விதி பொருந்தும். இதற்கு முடிவே கிடையாது. ஆகவே ‘தெரிகிறதா’ என்பதைத் திரையிடம் கேட்கக் கூடாது. எந்த மீனை மறைக்கிறோம் என்பது நம் நிரலுக்கே தெரியும். தெரிந்ததை அந்த உறுப்பின் மேலேயே எழுதி வைத்துவிட்டு, எழுதியதைக் கேட்டால் போதும்.

எழுதி வைக்க, பக்கத்தின் உறுப்புகளை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லிலேயே ‘ஹிடன்’ என்ற பண்பு இருக்கிறது. தேடல் நிரல் இப்போது ஒரே ஒரு வேலைதான் செய்கிறது: தேடலுக்குப் பொருந்தாத மீன் வரிசைக்கு ஹிடன் பண்பைச் சேர்க்கிறது, பொருந்தும் வரிசையிலிருந்து அதை நீக்குகிறது. துறைகளை அது தொடுவதே இல்லை. துறைகளை சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்கிறது:

.துறை:நாட்(:ஹேஸ்(.மீன்:நாட்([ஹிடன்])))

இதற்கு டிஸ்ப்ளே நன். உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டும். ஹிடன் இல்லாத மீன். அப்படி ஒன்றாவது தன்னுள் இருக்கும் துறை. அப்படி அல்லாத துறை. தாய் மறைந்திருந்தாலும் சேயின் மேல் எழுதிய ஹிடன் மாறாது. தாவல் மூடியிருந்தாலும் மாறாது. தேடலை அழித்தால் வாலிநோக்கம் தானாகத் திரும்பி வருகிறது. திரும்பக் காட்டுவதற்கென்று ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்கவில்லை.

இரண்டு ‘நாட்’களில் எது எங்கே இருக்கிறது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். .துறை:ஹேஸ்(.மீன்[ஹிடன்]) என்று எழுதிப் பார்த்தால் சுருக்கமாகத் தோன்றும். ஆனால் அதன் பொருள் ‘மறைந்த மீன் ஒன்றாவது உள்ள துறை’. தேவிபட்டினத்தில் நண்டும் காரலும் வந்திருக்கும்போது நண்டைத் தேடினால், காரல் வரிசை மறையும். மறைந்த மீன் ஒன்று இருப்பதால் நண்டோடு சேர்த்து தேவிபட்டினமே மறையும். ‘எல்லாம் மறைந்தவை’ என்று சொல்ல நேரான சொல் சிஎஸ்எஸ்ஸில் இல்லை. ‘மறையாதது ஒன்றுகூட இல்லை’ என்றுதான் சொல்ல முடியும். இதை எழுதும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். தவறு உடனே காதில் விழுந்துவிடுகிறது.

ஹேஸ் எத்தனை அடுக்கு ஆழத்திலும் தேடும். நேரடிச் சேயை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் உள்ளே முதலில் > குறி இட வேண்டும். அட்டவணைகளில் அந்தக் குறி காலை வாரும். டேபிளுக்குள் (அட்டவணை) நேராக டிஆர் (அதன் ஒரு வரிசை) எழுதினாலும் உலாவி நடுவில் ஒரு டிபாடியை (வரிசைகளைத் தாங்கும் உறுப்பு) தானே நுழைத்துவிடுகிறது. அதனால் ‘டேபிளின் நேரடிச் சேயான டிஆர்’ என்று எழுதிய செலக்டர் எதனோடும் பொருந்தாது. நம் கோப்பில் பார்த்தால் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு துறையும் ஓர் அட்டவணை என்பதால் > குறியையே தவிர்த்துவிட்டேன்.

ஹிடன் பண்பிலும் ஒரு பலவீனம் உண்டு. அதற்கு டிஸ்ப்ளே நன் கொடுப்பது உலாவியின் இயல்பு விதி. நம் சிஎஸ்எஸ் எது சொன்னாலும் அது தோற்றுவிடும். மீன் வரிசைக்கு எங்காவது டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் என்று வேறொரு டிஸ்ப்ளே எழுதியிருந்தால், ஹிடன் இருந்தும் வரிசை தெரிந்துகொண்டே இருக்கும். [ஹிடன்] என்ற செலக்டருக்கு டிஸ்ப்ளே நன் என்று ‘இம்பார்டன்ட்’ (மற்ற விதிகளை மிஞ்சு) போட்டு ஒரு விதி எழுதிவிடுங்கள். நான் தொடும் எந்தப் பக்கத்திலும் இதுதான் முதல் வரி.

வேகத்திலும் வித்தியாசம் தெரிந்தது. ஓர் உறுப்பு திரையில் இடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டால், அந்தக் கணத்தில் உலாவி பக்கத்தின் அமைப்பைக் கணக்கிட்டாக வேண்டும். ஒன்றை மறைத்து, அடுத்ததைக் கேட்டு, அதை மறைத்து, மீண்டும் கேட்டு என்று போனால் ஒவ்வொரு கேள்விக்கும் மறுகணக்கு. ஏலக்கூடத்தில் இருப்பவர்களின் கைபேசிகள் விலை குறைந்தவை. உப்புக்காற்றும் ஈரக்கையும் பட்டுப் பழையதானவை. தேடல் பெட்டியில் ஓர் எழுத்து தட்டினால் அடுத்த எழுத்து விழத் தாமதமாகும். ஹிடனைப் பார்ப்பதற்குத் திரையைக் கேட்க வேண்டியதில்லை என்பதால் அந்தத் தாமதம் போய்விட்டது.

அதே பழைய கைபேசிகளுக்காக இன்னொன்றும் செய்ய வேண்டியிருந்தது. ஃபயர்ஃபாக்ஸுக்கு ஹேஸ் வந்தது 2023 டிசம்பரில், 121ஆம் பதிப்பில்தான். அதற்கு முந்திய ஃபயர்ஃபாக்ஸிலும், 105க்கு முந்திய குரோமிலும் ஹேஸ் உள்ள விதி செல்லாது. செலக்டர்களைக் காற்புள்ளி இட்டு ஒன்றாகக் கோத்து எழுதினால், புரியாத ஒன்றால் மொத்த விதியும் தள்ளப்படும்; ஆகவே ஹேஸ் விதியைத் தனியாக எழுத வேண்டும். ஹேஸ் தெரியாத உலாவிக்கு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறு சுழற்சி போதும். ஒவ்வொரு துறையாக எடுத்து, அதற்குள் .மீன்:நாட்([ஹிடன்]) ஒன்று கிடைக்கிறதா என்று தேடி, கிடைக்காவிட்டால் அந்தத் துறைக்கும் ஹிடன் இட வேண்டும். கிடைத்தால் ஹிடனை எடுத்துவிட வேண்டும். தாயிலிருந்து கீழ்நோக்கித் தேடுவதால் இதற்கு ஹேஸ் தேவையே இல்லை. ஹேஸை நம்ப மனமில்லாதவர்கள் இதை மட்டும் வைத்துக்கொண்டாலும் குறையில்லை.

உண்மையிலேயே திரையைத்தான் கேட்க வேண்டும் என்ற தேவையும் சில சமயம் வரும். அதற்குப் புதிய உலாவிகளில் ‘செக்விசிபிலிட்டி’ என்ற முறை இருக்கிறது. டிஸ்ப்ளே நன் ஆனதை அது இயல்பாகவே கண்டுபிடிக்கும். விசிபிலிட்டியையும் ஒபாசிட்டியையும் கணக்கில் எடு என்று தனியே சொன்னால் அவற்றையும் பார்க்கும். பக்கத்தை உருட்டியதால் திரைக்கு வெளியே போன உறுப்பை அது மறைந்ததாகக் கொள்ளாது. அதைக் கண்டறிய, உறுப்பு திரைக்குள் வருவதையும் போவதையும் கவனிக்கும் ‘இன்டர்செக்‌ஷன் அப்சர்வர்’ வேண்டும்.

துறை, மீன் என்று வகுப்புப் பெயர்களைத் தமிழிலேயே வைத்ததைச் சிலர் வியப்போடு கேட்கிறார்கள். சிஎஸ்எஸ் அதை முழுமையாக ஏற்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: ஒ, ஓ ஓசை உள்ள உயிர்மெய்களை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘தோணி’யின் முதல் எழுத்தில் ஒரே குறியாக ஓகாரம் இருக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சிஎஸ்எஸ்ஸுக்கு இரண்டும் வேறு. தேடல் பெட்டியிலும் இதே சிக்கல் வரும். ‘கொடுவா’ என்று தேடுபவருக்குக் கொடுவா கிடைக்க வேண்டுமானால், ஒப்பிடும் முன் இரண்டு சொற்களையும் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஜாவாஸ்கிரிப்டின் ‘நார்மலைஸ்’ வழியாக அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவும் முடித்துக் காக்காவிடம் காட்டியபோது அவர் பார்த்தது வேறொன்றை. “ராமேஸ்வரம் எங்கே தம்பி? இன்று அங்கே வரத்து இல்லை என்பதும் எனக்குச் சேதிதானே?” என்றார். வடகடல் விசைப்படகுகள் எல்லா நாளும் கடலுக்குப் போவதில்லை. காற்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை அனுமதிச் சீட்டு தராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் துறைகளில் ஏலமே இருக்காது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான். எங்கே வரத்து இல்லை என்பதை வைத்துத்தான் மற்ற ஊர்களின் விலையை அவர் கணிக்கிறார். மீன் வரிசையே இல்லாத துறைக்கும் மேலே எழுதிய விதி பொருந்திவிடுகிறது, ஏனென்றால் மறையாத மீன் அங்கேயும் இல்லை. தேடலுக்குப் பொருந்தாமல் மறைந்ததையும், கடலிலிருந்தே வராததையும் அந்த விதி ஒன்றாக நடத்திவிட்டது.

இரண்டையும் பிரித்தேன். .துறை:நாட்(:ஹேஸ்(.மீன்)) என்றால் வரத்தே இல்லாத துறை, அதன் தலைப்புக்குக் கீழே ‘இன்று வரத்து இல்லை’ என்ற வரி தெரியும். .துறை:ஹேஸ்(.மீன்):நாட்(:ஹேஸ்(.மீன்:நாட்([ஹிடன்]))) என்றால் மீன் வந்திருக்கிறது, ஆனால் தேடியது அதில் இல்லை, அந்தத் துறை மறையும். தேடும்போது வரத்தில்லாத துறைகளும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று உணவகக்காரர்கள் கேட்டார்கள். அதற்கும் ஹேஸே உதவியது. தேடல் பெட்டியில் எழுத்து இருக்கிறதா என்பதை ‘பிளேஸ்ஹோல்டர்-ஷோன்’ சொல்லிவிடும். பெட்டிக்குள் ‘மீன் பெயர்’ என்பது போன்ற ஒரு முன்குறிப்பு மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த முன்குறிப்பு தெரியாத பெட்டியைக் கொண்ட பக்கம் என்று தொடங்கி, அதற்குள் இருக்கும் வரத்தில்லாத துறைகளை மறைத்துவிட்டேன்.

தேடிய மீன் எந்தத் துறையிலும் இல்லாதபோது காட்டும் செய்திக்கு, ‘தெரியும் துறை இல்லாத பட்டியல்’ என்று எழுதத் தோன்றும். ஹேஸுக்குள் இன்னொரு ஹேஸ் எழுத விதியில் இடமில்லை. துறையைத் தாண்டி நேரே மீனைக் கேட்டால் போதும்: மறையாத மீன் ஒன்றுகூடத் தன்னுள் இல்லாத பட்டியல். அப்போது ‘நண்டு இன்று எந்த இறங்குதளத்திலும் இல்லை’ என்ற வரி வரும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அது கேட்க வேண்டும் என்பதால், அந்த வரிக்கான பெட்டியை ‘ஸ்டேட்டஸ்’ என்ற பங்கோடு பக்கம் திறக்கும்போதே காலியாக வைத்துவிட்டு, வாசகத்தை மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் பிறகு நிரப்புகிறது. மறைத்து வைத்த வாசகத்தை சிஎஸ்எஸ்ஸால் திடீரென்று காட்டினால், பல வாசிப்பான்கள் அதை அறிவிப்பதில்லை.